சாப்பிட்டுவிட்டுச் சாப்பிட வந்தவர்கள்

சாப்பாட்டைப் படம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். ஆவடியில் குடியிருந்துகொண்டு அம்பத்தூர், திருவேற்காடு, பூந்தமல்லி பக்கத்து ஓட்டல்களுக்கு மெனு கார்டு, வாசல் போர்டு, ஆர்டர் எடுக்கும் ஆப் என்று எல்லாவற்றுக்கும் எடுத்துக் கொடுக்கிறேன். தோசை, பிரியாணி மாதிரி சமர்த்தான ஆட்கள் உலகத்தில் கிடையாது. கண்ணைச் சிமிட்டாது. வைத்த இடத்தில் இருக்கும். "இந்தப் பக்கம் குண்டா தெரியுதா?" என்று கேட்காது. ஆட்களையும் சேர்த்து எடுங்கள் என்று எந்த முதலாளியாவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. சாப்பிடும்போது கேமராவைக் கண்டால் நம் ஜனங்களுக்கு ஆகவே ஆகாது. கல்யாணப் பந்தியில் வீடியோக்காரர் லைட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போது கவனித்திருப்பீர்கள். அதுவரை ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த வரிசை முழுவதும் அப்படியே நின்றுபோகும். ஒருவர் இலையைப் பார்ப்பார், ஒருவர் மோவாயைத் துடைப்பார், பெண்கள் இடது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். லைட் நகர்ந்த பிறகுதான் வாயில் இருக்கும் அப்பளம் நொறுங்கும். இவர்களை வைத்து நான் எப்படி விளம்பரம் எடுப்பது?

சென்னீர்குப்பத்தில், பெங்களூர் ஹைவேயை ஒட்டி ஒரு அக்கா கடை போட்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கல்லாவுக்கு மேலே சீரியல் பல்பு போட்ட மாதா படம், எதிரே ஆறு மேசை. மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு. அந்தக் குழம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஆனால் அந்த மேசைகளில் உட்கார ஆள் வரவில்லை. ஆண்கள் பார்சல் வாங்கிக்கொண்டு போனார்கள். அக்காவுக்கு வேண்டியிருந்தது அது இல்லை. செம்பரம்பாக்கம் பக்கத்துக் குடோன்களில் வேலை செய்யும் பெண்கள் கூட்டம் கூட்டமாக அந்த வழியாகப் போவதை தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தியும் உள்ளே வரவில்லை. அக்காவும் ஒரு காலத்தில் கம்பெனி வேலைக்குப் போனவர்தான். ஓட்டலுக்குள் தனியாகப் போய் உட்காரக் கூச்சப்பட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றபடி பன் தின்ற ஆள். பெண்கள் உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் என்று நினைத்துத்தான் கடையே போட்டிருக்கிறார். இந்த வருஷத்துக்குள் மேசைகள் நிறையாவிட்டால் கடையை எடுத்துவிட்டுப் பார்சல் மட்டும் போடலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

வாசலில் மாட்டப் பெரிய போர்டு வேண்டும் என்றார். நான் தட்டு மட்டும் போதும், பளிச்சென்று இருக்கும் என்றேன்.

"சோத்த மாட்டி வச்சா சோறு விக்கிதுன்னு தெரியும். அது தெரியாமயா இத்தினி பேரு போறாங்க? பொம்பளைங்க உக்காந்து துன்றது தெரியணும் கண்ணு. அத எடு," என்றார் அக்கா.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வேறு வழியில்லாமல் சரி என்றேன். குடோனில் பார்சல் கட்டும் மூன்று பெண்களை அக்காவே பேசிப் பிடித்தார். வார விடுமுறையில் மத்தியானம் வருவதாக ஏற்பாடு.

படத்துக்கான சமையலை நான்தான் சொன்னேன். சோறு முக்கால் பதம் வெந்தால் போதும், அப்போதுதான் பருக்கை பருக்கையாக நிற்கும். மீன் மேலே மட்டும் சிவந்தால் போதும், உள்ளே வெந்தால் உடைந்துவிடும். குழம்புக்கு உப்பு பார்க்கக்கூட வேண்டாம், நிறம் வந்தால் சரி. தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் சோற்றைக் குவித்து, மீனுக்குப் பிரஷ்ஷால் எண்ணெய் தடவினேன். எங்கள் தொழிலில் இதெல்லாம் சாதாரணம். அக்கா மட்டும் பிணத்துக்கு அலங்காரம் பண்ணுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லி, கழுத்தில் ஆரம். ஒருத்தி கையில் மருதாணி வேறு. போட்டோ என்று சொன்னோமே தவிர, தினமும் வேலைக்குப் போகிற மாதிரி வாருங்கள் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. போட்டோ என்றால் பட்டு என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை.

சரி, புடவையைச் சமாளிக்கலாம் என்று உட்கார வைத்தேன். தட்டைப் பார்த்ததும் மூவரில் மூத்தவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"ஊட்லயே துன்னுட்டு வந்துட்டோங்கக்கா. போட்டோ புடிக்கசொல்ல பசியோட வந்தா நல்லாவா இருக்கும்? பாக்குறவங்க காணாதத கண்ட மாரி துன்னுதுங்களேன்னு நெனைப்பாங்க."

சாப்பிடுவதைப் படம் எடுக்கக் கூப்பிட்டால், வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாய்வரைக்கும் கொண்டுபோனால் போதும், சாப்பிட வேண்டாம் என்றேன். தலையாட்டினார்கள். ஆனால் சோற்றைப் பிசைந்து வாயருகில் கொண்டுபோய், திரும்பத் தட்டில் போட அவர்களுக்கு மனசு வரவில்லை. போட்டவருக்கு மரியாதைக் குறைவு இல்லையா? மூன்று பேரும் வாயில் போட்டுவிட்டார்கள்.

நான் கேமராவுக்குப் பின்னால் நின்று "சிரிங்க, சிரிங்க" என்கிறேன். அவர்கள் முகம் கஷாயம் குடித்த முகமாக இருக்கிறது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மென்றுகொண்டே இருக்கிறார்கள். கடைசியில் மூத்தவர் எப்படியோ விழுங்கிவிட்டு அக்காவைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்க கடையில சோறு எப்பவுமே இப்பிடித்தான் இருக்குமா?"

அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. எந்தப் பெண்கள் தன் கடைக்கு வர வேண்டும் என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ, அவர்களில் முதல் மூன்று பேர் வந்து, அவர் கையால் வேகாத சோற்றைத் தின்றிருக்கிறார்கள். மறுநாள் காலையில் குடோன் முழுக்கப் பேச்சாகிவிடும். நான் நடந்ததை விளக்க வாயெடுத்தேன்.

"நீ சும்மா கெட," என்றார் அக்கா. தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனவர், அங்கிருந்தே சத்தம் போட்டார். "ஒருத்தரும் ஊட்டுக்குப் போவக் கூடாது. துன்னுட்டுத்தான் போவணும்."

அதற்குப் பிறகு அங்கே நடந்தது படப்பிடிப்பு இல்லை. வந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க அந்தப் பெண்களுக்குத் தெரியாது. கொசுவத்தைத் தூக்கிச் செருகி, பட்டு அழுக்காகாமல் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் புகுந்தார்கள். ஒருவர் சின்ன வெங்காயம் உரித்தார், ஒருவர் புளி கரைத்தார். மருதாணிக்காரி என் கையில் பூண்டைத் திணித்து, "சும்மா நின்னுகினு இருக்கியே, இத்த உரி அக்கா," என்றாள். குடோனில் சூப்பர்வைசர் எப்படி நடப்பார் என்று அவளே கரண்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து காட்டினாள். அக்கா சிரித்த சிரிப்பில் அடுப்பைக் குறைக்க மறந்துவிட்டார். குழம்பு கொதித்து வாசனை கிளம்பியபோது, வயிறு நிறைந்து வந்தவர்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பேசிப் பேசி அவர்களுக்குப் பசித்துவிட்டது. எனக்கும்தான்.

பரிமாறியபோது வெயில் சாய்ந்து வாசல் வழியாக மேசைமேல் விழுந்தது. குழையாமல் வெந்த சோறு, முள்ளோடு வஞ்சிர மீன். மூத்தவர் ஒரு வாய் வைத்தார். அடுத்த வாய் வைத்தார். அக்கா கரண்டியைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது சோறு," என்றார் மூத்தவர். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

நான் கேமராவை எடுத்தேன். ஒருத்தரும் வாயை மூடவில்லை. நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அமைந்த ஒரு படத்தில் மருதாணிக்காரி வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிறாள். இன்னொருத்தி புறங்கையில் வழியும் குழம்பை நக்குகிறாள். மூத்தவர் தட்டை நீட்டி மறுசோறு கேட்கிறார், அக்காவின் கை மட்டும் கரண்டியோடு ஓரத்தில் தெரிகிறது. என் தொழில் சட்டப்படி அதில் ஒன்றுமே சரியில்லை. சோறு சிதறிக் கிடக்கிறது, மீன் உடைந்து போயிருக்கிறது. என்னால் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆனால் அது போர்டில் ஏற அவர்கள் சம்மதிக்க வேண்டுமே. காட்டினேன். "ஐயோ, வாயெல்லாம் சோறு," என்று மற்ற இருவரும் முகத்தை மூடிக்கொண்டார்கள். மூத்தவர் மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதயே மாட்டுக்கா. நம்ம கம்பெனி வண்டி டெய்லி இந்த வழியாத்தான் போவுது. பாக்கட்டும். நாம துன்றதுல இன்னா தப்பு கீது?"

அவர் சொன்ன பிறகு மற்றவர்கள் கையை எடுத்தார்கள்.

போர்டு மாட்டிய பிறகு வேறு வேலைகளில் சில வாரம் ஓடிவிட்டது. ஒரு மத்தியானம் பூந்தமல்லியில் வேலை முடிந்து, பசியோடு அந்தக் கடைக்குப் போனேன். போர்டுக்குக் கீழே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கம்பெனி கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கூட யாரும் இல்லை. படத்தை அண்ணாந்து பார்த்தாள். பையை இறுக்கிக்கொண்டு கடைக்குள் எட்டிப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். போ, போ என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

பின்னாலேயே நானும் போனேன். ஆறு மேசையிலும் பெண்கள். காலியாக இருந்த ஒரே நாற்காலியை அவள் பிடித்துவிட்டாள்.

"உக்கார எடமில்ல கண்ணு," என்று அக்கா கல்லாவிலிருந்து கத்தினார். அதைச் சொல்வதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை நான் எந்தப் படத்திலும் பிடித்ததில்லை. "அடுப்பாண்ட வா."

நான் அடுக்களையில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.