அலறல் அக்கா

சினிமாவுக்காகக் கத்துவது ஒரு வேலை என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலையைத்தான் செய்துவந்தாள். முகம் தெரியாத பெண்கள் படத்தில் ஓட வேண்டும், ஒப்பாரி வைக்க வேண்டும், தீப்பிடித்த வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட வேண்டும் என்றால் டப்பிங் ஸ்டுடியோவிலிருந்து அவளுக்குப் போன் வரும். கதாநாயகிக்குக் குரல் கொடுப்பவர்கள் வேறு சாதி. அவர்களுக்குத் தனி நேரம், தனி நாற்காலி. இவள் கும்பலில் ஒருத்தி. நாலைந்து பேரோடு மைக்கைச் சுற்றி நின்று "வந்துட்டாங்க, ஓடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவள். ஆனால் தனியாக ஒருத்தி அலற வேண்டுமென்றால் ஊரில் அவளை விட்டால் ஆளில்லை. அதனால் ஸ்டுடியோவில் அவளுக்கு அலறல் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டில் அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதுமில்லை. அவள் கணவன் லிப்ட் ரிப்பேர் செய்கிறவன், வாய் சும்மா இருக்காது. "தொழிலை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டா, அந்த வரைக்கும் நான் பொழைச்சேன்" என்று எல்லோரிடமும் சொல்லுவான். பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. மாடியில் இரண்டு அறை வீடு.

கீழே தெருவைப் பார்த்தபடி ஒரு தையல் கடை. கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் டெய்லரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். டெய்லர் கத்திரிக்கோலை எடுத்தால் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து மனைவி பேசிவிடுவாள். அவர்கள் அக்கரைக்காரர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்து குடியேறியவர்களை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். எந்தத் தலைமுறையில் வந்தார்கள் என்று டெய்லருக்கே தெரியாது. அவர் அந்த ஆற்றைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனபோது.

அந்தப் போர்ப்படம் வந்தபோது அவளுக்கு அது எல்லாப் படத்தையும் போல ஒரு படம். பழைய காலத்தில் அக்கரை ராஜாவின் படை ஆற்றைக் கடந்து வந்து இந்த ஊரைக் கொளுத்திய கதை. ஒரு காட்சியில் சிப்பாய் ஒருவன் தாயின் இடுப்பிலிருந்து குழந்தையைப் பிடுங்குவான். அதற்கு மேல் என்ன செய்கிறான் என்பதை டைரக்டர் மிச்சம் மீதி வைக்காமல் காட்டியிருந்தார். நடித்த பெண் நன்றாகத்தான் நடித்திருந்தாள், ஆனால் படப்பிடிப்பில் சத்தம் சரியாக வரவில்லை.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். குழந்தையைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று மட்டும் பார்த்தாள். வயிற்றை இறுக்க வேண்டும், தொண்டையைத் தளர விட வேண்டும், உச்சத்தில் முகத்தை மைக்கிலிருந்து கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டும். டைரக்டருக்கு எதுவும் திருப்தியாகவில்லை. "இன்னும் உள்ளேருந்து வரணும்க்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒன்று வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அதுதான் படத்தில் போனது.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவளுக்குப் பேச்சு வரவில்லை. சைகையிலேயே குடும்பம் நடந்தது. டெய்லர் மனைவி வேளை தவறாமல் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். "என்னக்கா இது, காசு வாங்கிட்டு தொண்டையக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்று திட்டிவிட்டுத்தான் போவாள்.

படம் வந்தது. முதல் வாரமே ஒரு மந்திரி பார்த்துவிட்டு ஈரக் கண்ணோடு வெளியே வந்து மைக்குகளுக்கு முன்னால் நின்றார். "இது சினிமா சத்தம் இல்ல. நம்ம முன்னோர் வீட்டுப் பொம்பளைங்க போட்ட சத்தம். இத்தன வருஷமா நம்ம காதுல விழாமப் பண்ணி வெச்சிருந்தாங்க" என்றார். படத்துக்கு வரி இல்லை என்று அறிவிப்பு வந்தது. மந்திரியின் கட்சிக்காரர்கள் தியேட்டர் டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி, லாரியில் ஆள் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார்கள். எதிர்க்கட்சி, படத்தைத் தடை செய்ய வேண்டும் என்றது. தியேட்டர்களில் கூட்டத்தைப் பார்த்ததும், எங்களுக்குப் படத்தோடு பகை இல்லை, சில காட்சிகளோடுதான் என்று சுருதியைக் குறைத்துக்கொண்டது. டிவி விவாதத்தில் ஒரு சரித்திரப் பேராசிரியர், அந்தப் படையில் இக்கரை ஆட்களும் கூலிக்குப் போயிருந்தார்கள் என்று ஆரம்பித்தார். மற்ற மூன்று பேரும் சேர்ந்து அவரைப் பேசவே விடவில்லை.

முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மகள் வகுப்பில் சொல்லிவிட்டு வந்தாள். "ஒரு மந்திரியையே அழ வெச்சுட்டியே, என்னால உன்னை ஒரு தடவ சிரிக்க வைக்க முடியல" என்றான் கணவன்.

பிறகு தேர்தல் வந்தது, தேர்தலோடு ஆளும் கட்சியின் பிரசார வேனும் வந்தது. கூரையில் நாலு ஒலிபெருக்கி. முதலில் அவள் அலறல், அது முடிந்ததும் ஒரு ஆண் குரல்: "மறந்துட்டீங்களா?" மறுபடி அலறல். காலையில் ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு சுற்று. தையல் கடை வாசலுக்கு வந்தால் மட்டும் வேன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும்.

கடைக்கு ஆள் வருவது குறைந்தது. அளவு கொடுத்தவர்கள்கூட அவசரமாக வேண்டும் என்று வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். எப்போதும் கடை வாசலில் நின்று வம்பளக்கிறவர்கள் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். டெய்லர் தைக்க ஒன்றுமில்லாத நேரத்திலும் மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் அவர் மனைவி மாடிக்கு வந்தாள். வழக்கமாக வாசலிலிருந்தே பேச ஆரம்பிக்கிறவள் அன்று உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். பிறகு, "அக்கா, அந்த வேன்ல வர்றது உங்க சத்தந்தான?" என்றாள்.

"ஆமாம்மா."

"அத நீங்க சொல்லிடுங்களேன். சினிமாவுக்குக் கத்துனதுன்னு தெரிஞ்சா விட்டுருவாங்கல்ல?"

சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றுதான் அவளும் நம்பினாள். தெரு முனையில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர்தான் கட்சியின் கிளைச் செயலாளர். நல்ல மனிதர் என்று பெயர். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, அந்தச் சத்தம் நான் போட்டது. ரூமுக்குள்ள, மைக் முன்னாடி நின்னு. அத வெச்சு டெய்லர் வீட்டுக்காரங்கள மெரட்டாதீங்க."

அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். "நீங்க போட்டதுன்னு நெனைக்கிறீங்க தங்கச்சி. உங்க தொண்டை வழியா அந்தக் காலத்துப் பொம்பளைங்க போட்டது அது. யாருக்கு வாய்க்கும் இந்தப் பாக்கியம்? வர்ற கூட்டத்துல உங்கள மேடையேத்தி மரியாதை பண்ணணும்னு நானே நெனச்சிட்டிருந்தேன்."

"எனக்கு மரியாதை வேணாம்ணே. கடை வாசல்ல மட்டும் நிறுத்தாமப் போகச் சொல்லுங்க."

"அது மேலேருந்து வர்ற ரூட்டு, நம்ம கையில இல்ல" என்றவர், கிளம்பும்போது மகளின் படிப்பை அக்கறையாக விசாரித்தார்.

எதிர்க்கட்சி ஆபீசுக்கும் போனாள். அங்கே ஒரு வக்கீல் அவள் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அருமைங்க. நாளைக்கே டிவிய வரச் சொல்றேன். டைரக்டர் கட்டாயப்படுத்திக் கத்த வெச்சாருன்னு சொல்லிடுங்க."

"யாரும் கட்டாயப்படுத்தலையே சார்."

"அப்படிச் சொன்னாத்தான் எடுபடும்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். ஸ்டுடியோ ஏஜென்டுக்குப் போன் செய்தபோது, கத்தி முடித்த நிமிஷத்திலிருந்து அது கம்பெனியின் சொத்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் பிழைக்கலாம் என்றார். அவள் சும்மா இருந்தாள். வேறு எங்கே போய்ச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அது நடந்தது ஒரு மத்தியான நேரம். கணவன் வேலைக்குப் போயிருந்தான், மகள் பள்ளிக்கூடத்தில். அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேன் பக்கத்துத் தெருவில் போவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அலறல் வந்தது. மறுபடியும் வந்தது, இன்னும் பக்கத்தில். குரல் நடுவில் பிசிறடித்தது. ஸ்பீக்கர் கிழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை வந்தபோது எரிச்சலோடு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பாத்திரத்தைத் தேய்த்தாள்.

துணி எரியும் நாற்றம் வந்த பிறகுதான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். படியில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. கடைக்கு முன்னால் தெருவில் துணிக் குவியல் எரிந்துகொண்டிருந்தது, சட்டைகள், பள்ளிக்கூடச் சீருடைகள், பாதி தைத்த பாவாடைகள். மெஷின் கவிழ்ந்து கிடந்தது. டெய்லர் வாசற்படியில் சரிந்து கிடந்தார். அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனைவியின் வாய் திறந்தே இருந்தது. சத்தம் வரவில்லை. இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. "வேன்னு நெனச்சோம்" என்றார்கள். எதிர்வீட்டில் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், போலீஸ் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னார்கள். சிலருக்கு அது வசதியான பொய்யாக இருந்திருக்கலாம். பலருக்கு அது உண்மை. அவளிடமும் போலீஸ் கேட்டது. அவளும் அதையேதான் சொன்னாள்.

டெய்லர் சாகவில்லை. ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஆளும் கட்சி, இது மக்களின் இயல்பான கொதிப்பு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டது. எதிர்க்கட்சி அதே தெருவில் கண்டனக் கூட்டம் போட்டது. டெய்லர் சிரித்துக்கொண்டு நிற்கிற பழைய போட்டோவைப் பெரிதாக்கி மேடையில் வைத்தார்கள். கூட்டம் சேருவதற்காகவும், இந்தப் படம் என்ன பாடுபடுத்துகிறது என்று காட்டுவதற்காகவும் அவர்களுடைய ஸ்பீக்கரிலும் அந்த அலறலையே போட்டார்கள்.

அவள் கீழே இறங்கிப் போய் மைக்செட்காரர் பக்கத்தில் நின்றாள். "இத நிறுத்துங்கண்ணே" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து, "இது என் சத்தம், நிறுத்துங்க" என்றாள்.

"ஓரமா நில்லும்மா, தலைவர் வர்ற நேரம்" என்று அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

அவளால் அப்போது கத்த முடியாமல் இல்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரைச்சலுக்குள் அவள் கத்தியிருந்தாலும் அது எங்கிருந்து வருகிறதென்று யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேர்தலில் படத்தின் கட்சி ஜெயித்தது. பெயிண்ட் கடைக்காரருக்குப் பதவி கிடைத்தது. இப்போதும் அவளைப் பார்த்தால் நின்று மகளை விசாரித்துவிட்டுத்தான் போவார். தையல் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. படத்தின் இரண்டாம் பாகத்துக்கு ஏஜென்ட் கூப்பிட்டார். "முன்னாடி மாதிரியே ஒண்ணு வேணுமாம்க்கா, உங்களத்தான் கேக்குறாங்க." அவள் வரவில்லை என்றாள். வேறு ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணும் நன்றாகவே கத்தினாள் என்று கேள்வி. இவள் ஒரு பேக்கரியில் ரொட்டிக்குக் கவர் போடும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். கணவன் அவளைச் சிரிக்க வைக்கப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

டெய்லர் குடும்பம் ஊரின் மறுகோடியில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்திருந்தது. போகலாமா வேண்டாமா என்று பல மாதம் தள்ளிப்போட்ட பிறகு அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினாள். டெய்லர் மனைவி இளைத்துப் போயிருந்தாள். ரெடிமேட் கடையிலிருந்து வாங்கிவந்த பேன்ட்டுகளுக்குக் கீழ் மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் சுவரோரமாகச் சாய்த்து உட்கார வைத்திருந்த டெய்லர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாரையும் பாத்து இப்படித்தான் சிரிக்கிறாரு" என்றாள் மனைவி.

வந்த வழி, மகளின் படிப்பு, வீட்டு வாடகை என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. பிறகு டெய்லர் மனைவி தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க வீட்லதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"நான் கத்துனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

ஊசி நின்றது. "அப்புறம் ஏன்க்கா வரல?"

எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்த பதில்தான். வாயில் வந்தபோது அது பதில் மாதிரியே இல்லை. "என்னோடதுன்னு நெனச்சுட்டேன்ம்மா."

டெய்லர் மனைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பழைய நாட்களில் வாசலிலிருந்தே பேச ஆரம்பிக்கிற பெண் அந்த முகத்தில் எங்கும் இல்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மடிப்பு வைத்த பேன்ட்டை ஒருபுறம் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டாள்.

"பஸ் போயிடும்க்கா, கெளம்புங்க."

மத்தியானம்கூட ஆகவில்லை, பஸ்ஸுக்கு ஒரு குறைவும் இல்லை. இருந்தாலும் அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "போயிட்டு வரேன்" என்று சொல்ல வாயெடுத்தவள், வரேன் என்ற சொல்லை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் டெய்லரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் மறுபடி சிரித்தார். வாசலைத் தாண்டியதும் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.