நட்சத்திரப் போரில் நான் விட்ட வரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒரே பிரதி. வீட்டுக்கு இரண்டு நாள் என்று அது சுற்றி வரும். கடைசியில் அபிப்பிராயம் எழுத நான்கு வெற்றுத் தாள்கள் இருக்கும். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் முழுவதையும் நான்தான் பிரதி எடுப்பேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

தொடர்கதையும் என்னுடையதே. இரண்டு நட்சத்திரத்து மக்கள் முந்நூறு வருஷம் சண்டை போடுகிறார்கள். பதினோரு மாதம் அவர்களை மோதவிட்டு, பன்னிரண்டாம் மாதம் கொடியேற்றி முடித்தேன். என்னைப் போல் உண்டா என்று திரிந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் சாந்தோமிலிருந்து எங்களுக்கு எழுதும் டீச்சர் வந்து, "சண்டைக்குப் போனவங்க திரும்பி வந்து என்ன ஆனாங்கன்னு நீங்க சொல்லலையே சார்" என்றார். தானே ஓர் அத்தியாயமும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவருடைய அண்ணன் பதினாலாம் வருஷத்து ஜெர்மன் சண்டையில் பட்டாளத்தோடு பஸ்ரா போய்த் திரும்பியவர் என்று கேள்வி. நான் பார்த்ததில்லை.

அவர் கதையில் படைகள் கலைகின்றன. புறப்பட்டபோது எடுத்த அளவில் வீட்டில் தைத்து வைத்திருந்த சட்டைகள் ஒருவருக்கும் பொருந்தவில்லை. ஆயிரம் பேருக்குச் சமைத்தவனுக்கு நாலு பேருக்கு உப்புப் போடத் தெரியவில்லை. அரசாங்கம் முதலில் ஒரு சட்டம் போடுகிறது: திரும்பி வந்தவனைத் தொட்டு எழுப்பக் கூடாது, வாசற்படியில் நின்று, முதலில் தான் யார் என்று சொல்லி, பிறகே அவனைக் கூப்பிட வேண்டும்.

படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பதினோரு மாதத்துப் பீரங்கிப் புகையில் இப்படி ஒரு வரி எனக்கு வரவில்லை. போதாக்குறைக்குப் பத்திரிகைக்கு ஆசிரியனாக இருந்த நண்பன், "உன் யுத்தத்தைக் காட்டிலும் டீச்சரோட சமாதானம் ஜோரா இருக்குடா" என்றான். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். சட்டையை எழுதினேன், உப்பை எழுதினேன். அந்தச் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியும் பத்திரிகை போன வீட்டிலெல்லாம் டீச்சரைத்தான் புகழ்ந்து எழுதியதாகக் காதில் விழுந்தது. என் கொடியேற்றத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. வரி விட்டுப்போனதை அவர் கவனித்தாரா என்று மனசு அரித்தது. கடைசி வீடு அவருடையது. பத்திரிகையைத் திரும்ப வாங்க நானே போனேன்.

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. கதவு திறந்திருந்தது. அண்ணன் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார், மார்மேல் எங்கள் பத்திரிகை. ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று உள்ளே போய்க் கை நீட்டினேன். அந்த வரி நினைவுக்கு வந்தது. வாசற்படிக்குத் திரும்பி வந்து, என் பெயரையும் வந்த காரியத்தையும் சொல்லி, அதன் பிறகு "அண்ணே" என்று கூப்பிட்டேன்.

அவர் பதறாமல் கண் திறந்தார். என்னையே பார்த்தார்.

"இப்படிக் கூப்பிடணும்னு தங்கச்சி சொல்லிச்சா?"

"இல்லீங்க. அவங்க கதையில படிச்சேன்."

அவர் பத்திரிகையைப் பிரித்து, தாள்களை நிதானமாகப் புரட்டினார்.

"அதை எழுதலாமான்னு எங்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதிச்சு. நாலு பேருக்குத் தெரியட்டும்னு நானும் சரின்னேன். மூணு வாட்டி படிச்சுட்டேன் தம்பி, கண்ணுல படல. எந்தப் பக்கத்துல கீது, காட்டு."

என் கையெழுத்தை என்னிடமே நீட்டினார்.