கலையரசனின் ஆளுமை ரிப்போர்ட்

1. உள்ளே இருந்தது வேறு ஆள்

மாசி மகம் முடிந்த வியாழக்கிழமை. ஒரு டைல்ஸ் கம்பெனியின் எச்.ஆர். அம்மா பிளேஸ்மென்ட் செல்லுக்குள் வந்து, கையிலிருந்த நான்கு பக்கத் தாளை என் மேசைமேல் போட்டார்.

"இந்த ரிப்போர்ட்ல இருக்கற ஆள அனுப்புங்க சார். உள்ள ஒக்காந்திருக்கறது வேற யாரோ."

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் பிளேஸ்மென்ட் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்டர்வியூவுக்கு வராதவர்களைப் பற்றிய புகார்கள் எனக்குப் பழக்கம். வந்து உட்கார்ந்தவனே வராதவன் போலிருக்கிறான் என்ற புகார் அன்றுதான் முதல்முறையாக வந்தது.

தாளில் இருந்த பெயர் கலையரசன். எம்.எஸ்ஸி. வேதியியல், இறுதியாண்டு. பிறவித் தலைவர், நொடியில் முடிவெடுப்பவர், பேச்சால் எவரையும் வசப்படுத்துபவர், விற்பனைத் துறைக்கே பிறந்தவர் என்றது ரிப்போர்ட். உள்ளே உட்கார்ந்திருந்தவனிடம் அந்த அம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். "உங்க இஷ்டம் மேடம்" என்றானாம்.

2. தலைவர்கள் உருவான விதம்

அந்த ரிப்போர்ட் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மார்கழியில், ஆருத்ரா தரிசன விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, சென்னையிலிருந்து கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் பிரின்சிபாலைப் பார்க்க வந்தார். மாணவர்கள் எந்த வேலைக்குப் போவது என்று தடுமாறுவதற்குக் காரணம், தங்கள் ஆளுமை என்னவென்று அவர்களுக்கே தெரியாததுதான் என்று ஸ்லைடு போட்டு விளக்கினார். தம்முடைய ஆன்லைன் டெஸ்ட் அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும் என்றார்.

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் படித்தவன். கவலைப்படும் சுபாவம் மிகுந்தவர்கள் தொழிலைத் தேர்ந்தெடுக்கக் கூடுதலாகத் திணறுகிறார்கள், ஒழுங்காகத் திட்டமிடுபவர்கள் சற்றுக் குறைவாகத் திணறுகிறார்கள் என்று உளவியலாளர்கள் எழுதுவதில் பொருள் உண்டு. ஆனால் அவர்கள் எழுதுவது பொதுவான போக்கைப் பற்றி. கோட்டுக்காரர் விற்றது ஜாதகம். கட்டம் போடுவதற்குப் பதிலாக பை சார்ட் போட்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரின்சிபால் உடனே ஒரு விதி கொண்டுவந்தார். டெஸ்ட் எந்தத் துறையைச் சொல்கிறதோ அந்தத் துறை கம்பெனிகள் ஆள் எடுக்க வரும் டிரைவுக்கு மட்டுமே மாணவர் போகலாம். இதற்கு 'விஞ்ஞானப்பூர்வமான ஷார்ட்லிஸ்ட்' என்று பெயரும் வைத்தார். முடிவுகள் வந்தபோது ஏறக்குறைய எல்லோருமே தலைவர்களாக இருந்தார்கள். அதைப் பெருமையாக எழுதி வாசலில் பேனர் கட்டினோம். இத்தனை தலைவர்கள் படிக்கிற இடத்தில் கேன்டீன் வரிசையில் யார் நிற்பது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இதில் அடிபட்டவன் கலையரசன். டைல்ஸ் கம்பெனி வந்ததற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, கடலூர் சிப்காட்டிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனி குவாலிட்டி லேபுக்கு ஆள் எடுக்க வருவதாக இருந்தது. அவன் இரண்டு வருடமாகக் காத்திருந்த வேலை அது. அந்த வருடம் அவன் படிப்புக்கு வந்த ஒரே லேப் வேலையும் அதுதான். பிறவித் தலைவன் என்பதால் ஷார்ட்லிஸ்ட்டில் அவன் பெயர் இல்லை.

3. டிக் பண்ணியது யார்

அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இதெல்லாம் நீதான் டிக் பண்ணியா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். எங்க மாமா."

"அவர் எதுக்குப் பண்ணாரு?"

"டெஸ்ட் லிங்க்கும் ஓ.டி.பி.யும் அவுரு போனுக்குத்தான் சார் வந்துச்சி. சேரும்போது அவுரு நம்பரத்தான் குடுத்தோம். நம்பர் சொல்லுங்க மாமான்னு கேட்டேன். நீ போயி சாப்புடு மாப்ள, நான் பாத்துக்கறேன்னுட்டாரு."

மாமா ராஜவேலு நெல்லிக்குப்பத்தில் கரும்பு லோடு டிராக்டர்கள் ஓட்டுகிறவர். அப்பா இல்லாத கலையரசனுக்கு கார்டியன். பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறை வந்தவர், காரை எங்கே நிறுத்த வேண்டும் என்று பிரின்சிபாலுக்கே கையைக் காட்டி உத்தரவு போட்டுவிட்டுப் போனார். ரிப்போர்ட்டை மறுபடி படித்தேன். டெஸ்ட்டைக் குறை சொல்ல வழியே இல்லை. ராஜவேலுவை அப்படியே அச்சாக எடுத்து வைத்திருந்தது.

அன்று மதியம் இன்னும் சில மாணவர்களை விசாரித்தேன். டிக் பண்ணியது பெரும்பாலும் அப்பாக்கள். ஓர் இடத்தில் கல்யாணமாகிப் போன அக்கா. சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஒருவர், தன் ஒருவருடைய ஆளுமையை விடுதிப் பையன்கள் ஏழு பேருக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தார். கடலூர் மாவட்டத்துப் பெரியவர்களின் மனநிலையை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு அது அரிய தரவு.

பிரின்சிபாலிடம் போனேன். அவர் கவலை வேறு.

"பேனர் கட்டியாச்சே சார். இப்பப் போயி டெஸ்ட் தப்புன்னா காலேஜ் பேரு என்னாவறது?"

கடைசியில் ஒரு சலுகை கொடுத்தார். சாயங்காலத்துக்குள் கார்டியன் போனில் சம்மதம் சொன்னால், இந்த ஒரு பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அது நடக்காது என்கிற நம்பிக்கையில்தான் கொடுத்தார்.

4. ஸ்பீக்கரில் மாமா

"நீங்களே மாமாகிட்ட பேசிடுங்க சார்" என்றான் கலையரசன். முடியாது என்றேன். நான் பேசினால் அவனுக்கு இன்னொரு மாமா கிடைப்பார், வேறொன்றும் மாறாது. எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். இரண்டு முறை நம்பரைப் போட்டுவிட்டு அவனே கட் செய்தான். மூன்றாவது முறை ஸ்பீக்கரில் ராஜவேலுவின் குரலும், பின்னால் டிராக்டர் உறுமலும் கேட்டன.

"மாமா, நாளைக்கி லேப் இன்டர்வியூ இருக்குது."

"ஒனக்குத்தான் மார்க்கெட்டிங்னு வந்திருக்கே மாப்ள."

"அது ஒங்களுக்கு வந்தது மாமா."

கலையரசனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"எனக்கு டைல்ஸ் விக்கத் தெரியாது மாமா. நான் லேபுக்குப் போறேன். பிரின்சிபால் கேப்பாரு. சரின்னு சொல்லுங்க."

"நான் என்ன வேணாம்னா சொன்னேன்? முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தீனா, அதுக்கு ஏத்தாப்ல டிக் பண்ணியிருப்பன்ல?"

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அந்த மனிதருக்குத் தான் செய்தது என்னவென்று அப்போதும் புரியவில்லை. பிரின்சிபாலிடம் சம்மதம் சொன்னார். வெள்ளிக்கிழமை கலையரசன் இன்டர்வியூவுக்குப் போனான், எடுத்துக்கொண்டார்கள். இப்போது சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறான். தன் மருமகனை லேபில் சேர்த்துவிட்டது தான்தான் என்று ராஜவேலு நெல்லிக்குப்பம் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அடுத்த வருடமும் கல்லூரி அதே டெஸ்ட்டை வாங்கியது. ஓ.டி.பி. மாணவர்களின் சொந்த நம்பருக்குப் போகட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். போயிற்று. முடிவில் பாதிப் பேருக்கு 'தெளிவில்லை' என்று வந்தது. பிரின்சிபால் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, பழைய நம்பர்களையே திரும்பப் போடச் சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. முடிவெடுக்கத் தெரியாத பையன் என்று யாரையாவது உங்களிடம் அனுப்பினால், ரிப்போர்ட்டை மூடி வையுங்கள். உனக்கு என்ன வேலை பிடிக்கும் என்று அவனிடம் ஒருமுறை கேளுங்கள். பிறகு பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். அது எத்தனை கஷ்டம் என்பது அப்போது தெரியும். நமக்குள்ளும் ஒரு மாமா உட்கார்ந்திருக்கிறார்.