தங்கை ஊதிய விசில்

வனக்காப்பாளர் வேலைக்கு நானும் என் தங்கையும் சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். விடிந்ததும் தியாகதுருகம் மலைக்கோட்டையில் ஏறி இறங்கிப் பழகுவோம். அவள் மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். நான் உச்சிவரை போய்த் திரும்பி வந்து கைகொடுத்து எழுப்புவேன். எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினோம். உடல்தகுதித் தேர்வில் என்னை நிற்கவைத்து அளந்தவர், "உயரம் கம்மிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். அடுத்தவள் என் தங்கை.

அவளுக்குக் கல்வராயன் மலையில் வேலை கிடைத்தது. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு செல்போன் கடையில் சேர்ந்தேன். காக்கி உடையில் அவள் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது அம்மா ஆரத்தி எடுத்தாள். அன்று தொப்பியைக் கட்டிலில் வைத்துவிட்டு அவள் குளிக்கப் போனதும், கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கல்யாணமாகிப் போன இடத்திலும் தப்பவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார், "எங்க மருமக தங்கச்சி ஃபாரஸ்ட்டுல இருக்கா" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். மருமகளைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றும் இருக்காது.

ஒரு தீபாவளிக்கு மறுநாள், என் கணவரின் அண்ணன் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாரும் வேன் பிடித்து அருவி பார்க்கக் கிளம்பினோம். "நம்ம பொண்ணு இருக்கசொல்ல நமக்கு இன்னா ரூல்ஸு?" என்று கரியாலூர்வரை சிரித்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் எங்களுக்குச் சலுகை காட்ட வேண்டும் என்றும் இருந்தது. காட்டிவிட்டு மேலதிகாரியிடம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது.

செக்போஸ்ட்டில் அவளேதான் நின்றிருந்தாள். மாமியாரைக் கும்பிட்டாள். என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். பிறகு பைகளைத் திறக்கச் சொன்னாள். பிளாஸ்டிக் பாட்டில்களையும் சிப்ஸ் பாக்கெட்டுகளையும் வாங்கித் தனியே வைத்தாள். புளிசாதத் தூக்குக்கு அடியில், துண்டில் சுற்றிய மதுபாட்டில் ஒன்று இருந்தது.

"இன்னா மாமா இது?"

"குளுருக்கும்மா. வுடு, நாம ஒரே வூட்டு ஆளுங்கதானே?" என்றார் என் கணவரின் அண்ணன்.

"அப்ப மொதல்ல நீங்கதான் கேக்கணும். இது உள்ள போவக் கூடாது மாமா. இல்லன்னா வண்டிய திருப்பிக்கினு போங்க."

அவள் குரல் உயரவே இல்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்துப் பாட்டிலைக் கொடுத்தார். மாமியார் என் காதோரம், "பாத்தியா, எப்பிடி நிக்குறா!" என்றார். சொந்த மகன் தலைகுனிந்ததுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த இடத்தில் நானாக இருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தால், அவள் சொன்னதேதான் வந்தது.

அருவியின் கீழே, தாண்டக் கூடாது என்று குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கோபத்தில் இருந்த என் கணவரின் அண்ணன் அதற்கு அடியில் நுழைந்து, நடுப்பாறையில் போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். என் கணவர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மேலே கடைப்பக்கம் போயிருந்தார்.

மேல்மலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சற்று நேரத்தில் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கிச் சருகுகளைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. ரோந்து வந்திருந்த தங்கை விசிலை ஊதினாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் அடித்துப் பிடித்துக் கரையேறினார்கள். அவர் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கயிற்றருகே ஓடிவந்து நின்று மறுபடி மறுபடி ஊதினாள்.

நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இழுத்தது.

"மாமா, தண்ணி ஏறுது, எழுந்து வாங்க!"

"அவ ஊதுனா நான் வரணுமா?"

"அவளுக்காவ வாணாம். எனக்காவ வாங்க."

கையைப் பிடித்து இழுத்தேன். என்ன நினைத்தாரோ, வந்துவிட்டார். நாங்கள் கரையில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தபோது பாறை மூழ்கியிருந்தது.

ஜனங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீ ஊதலைன்னா இன்னா ஆயிருக்கும்!" என்றார்கள். அவரும் அவளைத்தான் கும்பிட்டார். கூட்டத்தை மேலே அனுப்பிவிட்டு, புடவையைப் பிழிந்துகொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"இனிமே கயித்தத் தாண்டாதக்கா. ரூல்ஸ் உனக்கும்தான்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நான்தான் எறங்கியிருக்கணும். காலு வரலக்கா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை அவள் எல்லார் முன்னாலும் சொன்னால் என்ன என்றும் இருந்தது.

சொல்லவும் செய்தாள். அடுத்த விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிவைத்து அருவிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் தண்ணீரில் இறங்கியதே என் தங்கைதான்.

"இல்ல அத்த, நான் கரையிலதான் நின்னேன். எறங்கி இஸ்துக்கினு வந்தது அக்கா" என்றாள் அவள்.

மாமியார் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "செஞ்சத கூட அக்காவுக்கு வுட்டுக் குடுக்குறா பாருங்க. இந்த கொணம் யாருக்கு வரும்?"

தங்கை சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.