இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தவன்

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மனைவிக்குப் பின்னால் பைகளைச் சுமந்துகொண்டு போனேன். புடவைக் கடை வாசலில் ஒருவன் ஜெனரேட்டரைக் கிளப்பினான். குப்பென்று கறுப்புப் புகை. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலக, நான் மட்டும் நின்று ஆழமாக இழுத்தேன்.

"பைத்தியமா உங்களுக்கு? வாங்க லா!" என்றாள் மனைவி.

ரயில்வேயில் காலம் தள்ளியவனுக்கு டீசல் புகைதான் சாம்பிராணி. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

எண்பதுகளில் நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டில் இரண்டாம் ஆள். ஓட்டுநருக்குத் துணையாக இஞ்சினில் உட்காருபவன். பெண் பார்க்கப் போன இடத்தில் 'இஞ்சின் ஓட்டுகிறேன்' என்றுதான் அளந்திருந்தேன்.

அந்தப் பழைய இஞ்சின்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்னால் நீளப் பெட்டி போல ஒரு மூக்கு, அதற்குள் மோட்டார். ஓட்டுநர் அறை அதற்கும் பின்னால். காலையில் யார்டில் வேகன்களைத் தள்ளும் அதே இஞ்சின், மத்தியானம் கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு இழுத்து வரும். என் ஓட்டுநர் செல்லையா அண்ணன் அந்த மூக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் ஏறுவார். கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் பிள்ளையில்லாதவர். அந்தக் கொஞ்சலெல்லாம் இஞ்சினுக்குத்தான் போனது.

வலப்பக்கம் உட்காரும் ஓட்டுநருக்கு, தண்டவாளம் இடதுபுறம் வளைந்தால் முன்னால் ஒன்றும் தெரியாது. மூக்கு மறைத்துவிடும். அப்போது இடப்பக்க ஜன்னலில் இருக்கும் நான்தான் சிக்னலைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"என்னா தம்பி?"

"பச்சைண்ணே!"

"பச்சை!" என்று அவரும் திருப்பிச் சொல்வார். அப்படிச் சொன்னால்தான் வண்டி போகும். அதுதான் எங்கள் வேலை முறை.

கிள்ளானுக்கு முன்னால் அப்படி ஒரு வளைவு. மத்தியான வண்டிக்கு அங்கே என்றைக்கும் பச்சைதான். ஒரு நாள் நான் குனிந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சம்பல் சட்டையில் பட்டுவிடக் கூடாதே என்று கவலை. "என்னா தம்பி?" என்றார். தலை நிமிராமலே "பச்சைண்ணே!" என்றேன்.

சிவப்பு.

பிரேக் பிடிப்பதற்குள், சிவப்பை மீறும் வண்டியைத் தடம் இறக்கி நிறுத்தவென்றே போட்டிருக்கும் பிரிவில் ஏறி, முன்சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டுச் சரளைக்கல்லில் இறங்கிவிட்டன. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. சோறுதான் அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது.

விசாரணையில் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். எனக்கு ஓட்டுநர் தேர்வு அடுத்த மாதம். பச்சை என்று சொன்னேன். சிவப்பு என்றுதான் நிலையத்துப் பதிவில் இருந்தது. யார் என்ன சொன்னாலும் கைப்பிடி பிடித்தவன்தான் பொறுப்பு. செல்லையா அண்ணனை இஞ்சினிலிருந்து நிரந்தரமாக இறக்கி, ஷெட்டில் இஞ்சின் கழுவும் வேலைக்குப் போட்டார்கள்.

வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்தார். "நீ ஏன் அழுவுறே? நீ பார்த்தது பச்சைதான். அந்தச் சிக்னல்தான் ஏதோ கோளாறு."

நான் தேர்வில் தேறினேன். அதே இஞ்சினை எனக்குக் கொடுத்தார்கள். அவர் கழுவிக் கொடுப்பார், நான் ஏறி ஓட்டுவேன். "தம்பி, இடப்பக்கக் கண்ணாடிய நல்லா தொடச்சிருக்கேன்," என்பார். குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்ப்பேன். ஒன்றுமே இருக்காது. குத்திக்காட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் மாரடைப்பில் போனார். துக்கத்துக்குப் போனபோது, இன்று சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துதான் போனேன். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கடைசி வரைக்கும் ஒங்களப் பத்திதான் பேச்சு தம்பி. 'ஒலகமே செவப்புன்னாலும் சரி, அவன் பச்சைன்னா பச்சைதான்'னு சொல்லுவாரு."

காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கோழை.

அந்த இஞ்சின்களைப் பழைய இரும்புக்கு வெட்டிவிட்டார்கள். யார்டு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. இப்போது ஓடும் மின்ரயிலில் ஓட்டுநர் முன்னாலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறார். ரயில்வே குவார்ட்டர்ஸை இடித்தபோது டெங்கிலில் தன் தம்பி வீட்டுக்குப் போன அக்காவும் அங்கேயே இறந்துபோனார். நான் பார்க்கவில்லை, பார்க்காமலே சொன்னேன் என்று இனி யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் என்னைக் கன்னத்தில் அறைய உரிமையுள்ள இரண்டு பேரும் இல்லை.