மடி நிறையத் தக்காளி

மருந்தடிக்காத காயைக் கூலிக்காரர் வீட்டுக்கும் கட்டுப்படியாகிற விலைக்குக் கொடுத்தே தீருவது என்று எனக்கு ஒரு வீம்பு. கடமலைக்குண்டுக்குப் பக்கத்தில் எங்களுக்குத் துண்டு நிலம் இருக்கிறது. சாணம், மாட்டு மூத்திரம், வேப்பம்புண்ணாக்கு இவற்றை மட்டும் போட்டு, நானும் என் வீட்டுக்காரரும் தக்காளியும் கத்தரியும் வெண்டையும் வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தேனிக்குக் கொண்டுபோனால், காரில் வருகிறவர்கள் கேட்ட விலைக்கு வாங்குவார்கள். புழு விழுந்த கத்தரிக்காயைப் போட்டோ வேறு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட அந்தக் காய் வேகவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் தேனிக்குப் போவதை விட்டுவிட்டு, சாயங்காலம் சர்ச் சுவரோரம் சாக்கை விரித்துக் கடை போட்டேன். கமிஷன் கடையில் மருந்தடித்த காய்க்கு என்ன விலையோ அதே விலை. உனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம், இப்போது என்ன என்றேன்.

காட்டு வேலைக்குப் போன பெண்கள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். என் கடையைப் பார்த்துச் சிரித்தார்கள். "நீயே வச்சுத் தின்னு, ஆத்தா!" என்று ஒருத்தி கிண்டலடித்தாள். எல்லோர் சேலை மடியிலும் தக்காளி. எங்கள் பக்கம் காய் பறிக்கப் போகிறவர்களுக்குக் கூலி போக ஒரு மடி காயும் உண்டு. நானே கல்யாணத்துக்கு முன்பு அப்படிக் கட்டிக்கொண்டு வந்தவள்தான். விலை, விலை என்று அதையே யோசித்துக்கொண்டிருந்ததில் இது என் மண்டையில் ஏறவே இல்லை. சும்மா கிடைக்கிற காயோடு எந்த விலையை வைத்து மல்லுக்கட்டுவது?

அடுத்தடுத்த நாட்களிலும் கடை போட்டேன். என்னிடம் வாங்கியவள், அதே ஆட்டோவில் காய் பறிக்கப் போய்வருகிற எதிர்வீட்டுப் பெண் ஒருத்திதான். முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோய், மறுபடி முழுகாமல் இருந்தாள். மருந்தடித்த காயைத் தின்றதால்தான் கலைந்தது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"முந்தாநா மருந்தடிச்ச காட்டுலதான்க்கா நேத்துப் பறிச்சோம். கையெல்லாம் அந்த வாடை. இதாச்சும் தங்கட்டும்" என்று சொல்லி, குனிந்து ஒவ்வொரு பழமாகப் பொறுக்குவாள். அந்தச் சில நாட்கள் என் வீம்புக்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஒருத்திக்காகவாவது கடை போடலாம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் வெயில் தாழும் முன்பே வந்து நின்றாள்.

"மடியில காய் கட்டாம வந்ததை மொதலாளி பாத்துட்டாக. 'என்னத்தா, எங் காட்டுக் காயி ஒனக்கு எளப்பமாப் போச்சா'ன்னு கேட்டாக. மருந்து வாடை அடிக்கிதுங்கய்யான்னு சொல்லிப்புட்டேன். நாளைல இருந்து வர வேணாம்னுட்டாக."

எனக்குக் கோபம் அவள்மேல்தான் வந்தது. "வாங்கிட்டு வந்து வாய்க்கால்ல கொட்ட வேண்டியதுதான?"

"திங்கிற பொருள எப்படிக்கா கொட்டுறது?" என்றாள். பிறகு, "ஒங்க காட்டுல என்னையச் சேத்துக்கிடுங்கக்கா. அங்கன மருந்தும் இல்ல" என்றாள்.

கமிஷன் கடை விலைக்கு என்னால் விற்க முடிந்ததே, நாங்கள் இரண்டு பேரும் எங்கள் உடம்புக்குக் கூலி போடாததால்தான். அவளுக்குக் கூலி கொடுத்தால் காயின் விலை ஏறும். ஏறினால் மறுபடி காரில் வருகிறவர்களைத் தேடித்தான் போக வேண்டும். ஏழைக்கு மலிவாகக் கொடுக்கிறேன் என்று மார்தட்டிய என் தோட்டத்தில் ஓர் ஏழைக்கு வேலை இல்லை. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

"வேலைதான் இல்ல, காயைச் சும்மா எடுத்துக்கத்தா. பிள்ளை பெறக்குற வரைக்கும் எடுத்துக்க."

"காய மட்டும் வச்சு என்னக்கா செய்ய? அரிசிக்கு எங்க போக?"

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னிடம் வழி கேட்டாள். நான் சாக்கைச் சுருட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் அவள் மறுபடி லோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். முதலாளி எப்படிச் சேர்த்துக்கொண்டார் என்று கேட்டேன். தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எல்லாரும் நிக்கையில செடியில இருந்து ஒரு தக்காளியப் பறிச்சு, வாடை அடிக்கிதா பாருன்னு குடுத்தாக. சிரிச்சுக்கிட்டுத்தான்க்கா குடுத்தாக. கழுவாமத் தின்னேன். அப்புறந்தான் கூடைய எடுக்கச் சொன்னாக."