பச்சைச் சட்டைக்காரர் தோற்பார்கள் என்று சொன்னவர்

சறோ அக்கா இறந்த செய்தி தென்லண்டனில் மிச்சம் என்ற ஊருக்கு ஓடும் ட்ராமில் வைத்து என்னை வந்தடைந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் குத்துவிளக்கும் தாமரைப் பூவும் போட்ட ஒரு படம். ‘எமது உதைபந்தாட்டக் குடும்பத்தின் தூண் திருமதி சரோஜினிதேவி அவர்கள் இறைவனடி சேர்ந்தார்’ என்று அதில் எழுதியிருந்தது. அனுப்பியவர் சங்கத்தின் செயலாளர். அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அந்தக் கைகளுக்கு நடுவிலேயே ஒருவர் கேட்டிருந்தார்: ‘வாற ஞாயிறு ஆட்டத்துக்குக் கூடாரம் ஆர் கொண்டுவாறது?’ செயலாளர் அதற்கும் உடனே பதில் போட்டிருந்தார்.

தூண் என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்து, இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். இத்தனை வருடங்களில் அந்தத் தூணுக்கு இவர்களில் ஒருவர்கூட ஒரு கோப்பை தேநீர் கொடுத்ததில்லை.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லண்டனில் ஒவ்வொரு கோடையிலும் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் அணிகள் தங்களுக்குள் உதைபந்தாடும். மே மாதத்தில் தொடங்கும், ஓகஸ்டில் இறுதியாட்டம். மிச்சம் நகரில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இயங்கிய சிறிய தமிழ் வானொலியில், வெள்ளி மாலைகளில், வருகிற ஞாயிறு ஆட்டத்துக்கு முன்னோட்டம் சொன்னவர் சறோ அக்கா. நான் அதே வானொலியில் செய்தி வாசித்தவன். என் செய்தி முடிந்ததும் அவருடைய நேரம் தொடங்கும். கல்லூரிகளின் பெயரை அவர் சொல்லமாட்டார். பச்சைச் சட்டை, சிவப்புச் சட்டை என்றுதான் சொல்வார். “பேரைச் சொன்னா நூறு வருசப் பெருமையும் வந்து குந்தியிடும், யோகன். சட்டையைச் சொன்னா ஆட்டம் மட்டும்தான் தெரியும்” என்பார். நானும் இங்கே சட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு பெண்ணுக்கு இந்த ஆட்டம் எப்படித் தெரிந்தது என்று கேட்டவர்கள் பலர். அவரே சிரித்தபடி சொன்ன கதை இது. அவருடைய கணவர் பச்சைச் சட்டைக்காரர். அணியில் எப்போதும் பெயர் இருக்கும். ஆனால் களத்தில் இறக்கமாட்டார்கள். மாற்று ஆட்டக்காரர் வாங்கில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்காகப் பிளாஸ்கில் தேநீரோடு ஞாயிறுதோறும் அக்கா போவார். “மற்றப் பொம்பிளையள் சீலைக் கதை, வீட்டுக் கதை. எனக்கு அதில ஏலாது. கதைக்க ஆளில்லாமல் ஆட்டத்தைப் பாக்கத் துவங்கினனான்.” வாரநாட்களில் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. கண்ணாடித் தகட்டில் எது வழமைக்கு மாறாக இருக்கிறது என்று தேடிப் பழகிய கண். களத்தையும் அப்படித்தான் பார்த்தார். கணவர் திடீரென்று மாரடைப்பில் போனபோது, இனி அக்கா வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த சீசனின் முதல் ஞாயிறே தனியாக வந்து கோட்டோரத்தில் நின்றார்.

செவ்வாய் மாலைகளில் அணிகளின் பயிற்சியைப் பார்க்கப் போவார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். மழை தூறியது. ஒரு குடைக்குள் இருவரும் நின்றோம். நான் பந்தையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “பந்து வைச்சிருக்கிறவன் எல்லாரும் வடிவாத்தான் தெரிவான். பந்தில்லாதவன் என்ன செய்யிறான் எண்டு பாரும்” என்றார். அன்றிலிருந்து எந்த ஆட்டத்தையும் என்னால் வேறு மாதிரிப் பார்க்க முடிந்ததில்லை.

சீசன் தொடக்கத்து முன்னோட்டங்களில்தான் அவர் மிகவும் கவனமாக இருப்பார். ஓர் ஆட்டம் முடிந்தவுடனேயே கோப்பை தங்களுக்குத்தான் என்று சங்கங்கள் குதிக்கிற காலம் அது. “மே மாசத்தில எல்லாரும் சம்பியன்தான்” என்று வானொலியிலேயே சொல்வார். அப்படி ஒரு மே மாதத்தில்தான் அந்த அநியாயமும் நடந்தது.

கஜன் என்றொரு பெடியன். பிரான்சில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் லண்டன் வந்தவன். தகப்பன் படித்த கல்லூரி என்பதால் பச்சைச் சட்டைக்கு ஆடினான். வீடுகளைச் சூடாக்கும் பொயிலர் பூட்டுகிற வேலை செய்தான். அந்தக் குளிர்காலத்தில் முழங்கால் பிரண்டு, சில மாதம் ஆடாமல் இருந்துவிட்டு வந்திருந்தான். சீசனின் முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தான். சங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஆட்டம் சிவப்புச் சட்டையுடன். அந்தச் செவ்வாய் பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்த அக்காவின் முகம் சரியாக இல்லை. “அவன் இடப்பக்கம் திரும்பேக்கை காலால திரும்பேல்லை, யோகன். முழு உடம்பையும் திருப்புறான். நோவை மறைக்கிறான்” என்றார்.

அவர் நேரே வானொலியில் போய்ச் சொல்லிவிடவில்லை. இதை நான் அழுத்தியே எழுதவேண்டும், ஏனென்றால் பிறகு வேறு கதை பரப்பினார்கள். முதலில் பச்சைச் சட்டைச் சங்கத்தின் செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். “அக்கா, உங்களுக்கு ரத்தம்தான் தெரியும். முழங்காலை எங்களிட்ட விடுங்கோ” என்று மறுமுனையில் அவர் சிரித்தார். பிறகு கஜனிடமே பேசினார். “அன்ரி, கொமிற்றி சொன்னா விளையாடத்தானே வேணும். அப்பாவுக்கும் ஆசை” என்றான் அவன். அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை மைக்கின் முன் அமர்ந்தார்.

அந்த முன்னோட்டம் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. “வாற ஞாயிறு பச்சைச் சட்டை கஜனை இறக்கக் கூடாது. அவற்ர முழங்கால் இன்னும் ஆறேல்லை. இறக்கினா பச்சைச் சட்டை தோக்கும். தோத்தாப் பரவாயில்லை, அடுத்த ஞாயிறும் ஆட்டம் இருக்கு. ஆனா அந்தப் பிள்ளைக்கு வேற முழங்கால் இல்லை.”

இறக்கினார்கள். முதற்பாதி முடியவில்லை. கஜன் இடப்பக்கம் திரும்பினான், விழுந்தான். அவனை ஒருவரும் தொடவேயில்லை. அவன் அலறியது பூங்காவின் மறுகரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்களையும் நிற்கவைத்தது. அம்புலன்ஸ் வரும்வரை புல்லில் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் சறோ அக்கா. அப்போதுதான் செயலாளர் வந்தார். கூடாரத்தடியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்.

“கரிநாக்கு! புருசனைத் திண்டது காணாதெண்டு இப்ப எங்கட பெடியங்களில வாய் வைக்கிறா!”

நான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். யாரோ என்னைப் பிடித்து இழுத்தார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? கையில் இருந்த மட்டன் ரோலைப் பார்த்தார்கள். மருத்துவர்கள், கணக்காளர்கள், கோயில் தர்மகர்த்தாக்கள். அக்கா பெடியனின் தலையை மடியிலிருந்து அசைக்காமல் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “நான் சொன்னது நடந்திட்டுது எண்டு உங்களுக்குக் கோவமில்லை. நான் சொன்னதை எல்லாரும் கேட்டிட்டினம் எண்டுதான் கோவம்.” பிறகு அம்புலன்ஸில் அவனோடு ஏறிப் போனார். சங்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. ஆட்டம் இன்னும் முடியவில்லையாம். அதில் தோற்றார்கள் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அடுத்த வெள்ளி அக்கா வந்தபோது வானொலி நடத்துனர் படியிலேயே மறித்தார். விளம்பரம் தருகிற கடைக்காரர்கள் பாதிப்பேர் சங்கத்து ஆட்கள். “அக்கா, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கோ” என்றார். “ஓய்வோ? நான் கேட்டனானோ?” என்றார் அக்கா. அன்று முன்னோட்டம் சொல்ல வந்தவர் செயலாளரின் மைத்துனர். இரு அணிகளும் சம பலம் கொண்டவை, சிறந்த அணி வெல்லும் என்றார். அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் சிறந்த அணி வெல்லும் என்றே சொல்லிவந்தார். ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

நானும் விட்டுவிடுகிறேன் என்றேன். அக்கா சம்மதிக்கவில்லை. “செய்தியை ஆர் வாசிக்கிறது? அவையள் வாசிச்சா அதிலயும் ரெண்டு பக்கமும் வெல்லும்” என்றார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நான் செய்தி முடித்து பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும் தொலைபேசி அடிக்கும். “வணக்கம் நேயரே” என்று தொடங்குவார். பன்மை இல்லை, நேயர் ஒருவர்தான். பிறகு வருகிற ஞாயிறு ஆட்டத்தை அணி அணியாக, ஆள் ஆளாக எடுத்துச் சொல்வார். பல தடவை என் பஸ் வந்து போய்விடும்.

ஞாயிறுகளில் மைதானத்துக்கு வருவதையும் அவர் நிறுத்தவில்லை. கூடாரங்கள் இருக்கும் பக்கம் வராமல், எதிர்ப்பக்கத்தில் வேலியோரமாக நின்றார். முன்பு ‘அக்கா, என்ன சொல்லுறியள், வெல்லுவமோ?’ என்று சூழ்ந்துகொண்டவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினார்கள். ஒரு தாய், மகன் ஆட இறங்குமுன் அக்கா நிற்கும் இடத்தைக் கடக்காதபடி அவனைச் சுற்றிக் கூட்டிப்போனதை என் கண்ணால் கண்டேன். அக்காவும் கண்டார். என்னிடம், “அந்தப் பெடியன்ர இடக்கால் நல்லாயிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

கஜனுக்கு இரண்டு சத்திரசிகிச்சை நடந்தது. நடக்கலாம், முழங்கால் மடித்துத் தரையில் இருக்க ஏலாது. முழங்காலில் நிற்காமல் பொயிலர் பூட்டமுடியாது. இப்போது ஒரு மினிகாப் வாடகைக்கார் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறான். ஊன்றுதடியோடு வரத் தொடங்கிய நாளிலிருந்து அவனும் வேலிப்பக்கம்தான்.

இந்த வசந்தத்தில் அக்கா மருத்துவமனையில் படுத்தபோது, அக்கா விரும்பினால் வந்து பார்ப்பதாகச் செயலாளர் என்னிடம் சொல்லியனுப்பினார். நான் சொன்னதை அக்கா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். “மன்னிப்புக் கேக்க வாறாரோ, படமெடுக்க வாறாரோ எண்டு கேளும். முதலாவதெண்டா வரட்டும்” என்றார். நான் அப்படியே சொன்னேன். அவர் வரவில்லை.

“விட்டிடுங்கோவன் அக்கா, இனி என்னத்துக்கு?” என்று ஒருநாள் கேட்டேன். அவருக்கு மூச்சு வாங்கிய நேரம். ஆனாலும் தெளிவாகச் சொன்னார்: “மன்னிப்புக் கேட்டாக் குடுப்பன், யோகன். கேக்காத ஆளுக்குக் குடுத்தா, அவர் செய்தது சரியெண்டு நானும் சேந்து சொன்ன மாதிரி.”

தகனசாலை மண்டபம் நிரம்பியிருந்தது. வேலிப்பக்கம் ஒருநாளும் வராதவர்கள் எல்லாம் வெள்ளை மலர்வளையங்களோடு வந்திருந்தார்கள். செயலாளர் பேச எழுந்தார். நன்றாகவே பேசினார். முடிக்கும்போது, “அக்கா எவர் மீதும் மனக்கசப்பு வைக்காமல், எல்லோரையும் மன்னித்துவிட்டுத்தான் போனார்” என்றார்.

பின்வரிசையில் கஜன் எழுந்து நின்றான். எழும்ப அவனுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

“அங்கிள், அது பொய். அன்ரி மன்னிக்கேல்லை. நீங்கள் ஒருக்காலும் அன்ரிட்ட ‘ஸொரி’ எண்டு சொல்லேல்லை. எனக்கும் சொல்லேல்லை.”

குரலை உயர்த்தவில்லை. செயலாளர் கையிலிருந்த தாளை மடித்தார், விரித்தார், மீண்டும் மடித்தார். முன்வரிசையிலிருந்து அக்காவின் மகள் எழுந்துவந்து, கஜனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் இருத்தினார். அடுத்த குடும்பம் வெளியே காத்திருக்கிறது என்று தகனசாலை ஊழியர் சைகை காட்டினார். சவப்பெட்டியின் முன்னால் திரை மூடியது.

அந்த ஞாயிறு சீசனின் இரண்டாவது ஆட்டம். பச்சைச் சட்டையும் சிவப்புச் சட்டையும். தொடங்குமுன் ஒரு நிமிட மௌனம். அதற்குமுன் அக்காவைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மைக்கைக் கையில் தந்ததும், அக்கா கடைசி வெள்ளியன்று மருத்துவமனைக் கட்டிலில் இருந்து எனக்குச் சொன்ன முன்னோட்டத்தை அப்படியே சொன்னேன். “சிவப்புச் சட்டையோட வாற ஆட்டத்தில பச்சைச் சட்டை தோக்கும். ஓடக்கூடிய பெடியளை வாங்கில இருத்திப்போட்டு, கொமிற்றிக்காரரின்ர மருமக்களை நடுக்களத்தில விடுவினம். கண்டுகொள்ளுங்கோ.” சிவப்புச் சட்டைப் பக்கம் கைதட்டினார்கள். பச்சைப் பக்கம் மௌனம், அறிவிக்குமுன்னரே தொடங்கிவிட்டது.

ஆட்டத்தில் பச்சைச் சட்டை வென்றது. மருமக்களில் ஒருவன்தான் வெற்றிக் கோலை அடித்தான். செயலாளர் சிரித்த முகத்தோடு கையை நீட்டியபடி வந்தார். “பாத்தியளே யோகன், அக்கா சொன்னது பிழையாப் போச்சு.”

“ஓம், பிழையாப் போச்சு” என்றேன். “கஜன்ர காலைப் பற்றிச் சொன்னது பிழையாப் போகேல்லை.”

நீட்டிய கையை அவர் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் எதிர்ப்பக்கம் நடந்து போய்க் கஜனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவரைத் தெரிந்தவர்களே, காலம் போகப்போக அக்காவை நல்லவராக்கி, எல்லாவற்றையும் மறந்த சாந்தமான மனுசியாக்கி மேடைகளில் படம் வைப்பார்கள். நம்பாதீர்கள். தன்னை அவமதித்தவர்களை அவர் மன்னிக்கவும் இல்லை. அவர்களுக்காக மைதானத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இவை இரண்டும்தான். ஒன்றை மட்டும் வைத்திருப்பது சுலபம். இரண்டையும் சேர்த்து அவர் எப்படிச் சுமந்தார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.